பெரியம்மாவின் சுருதிக்கு ஒரு கீபோர்டு

"சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டு, நான் "தஞ்சோங் ரம்புத்தான்" என்று சொன்னால் போதும். மலேசியாவில் பிறந்து வளர்ந்த யார் முகத்திலும் ஒரு குறும்புச் சிரிப்பு எட்டிப் பார்க்கும். 1911-இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் உபயம். பள்ளி நாள்களில் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கோபம் வரும். இப்போது, நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் ஊர் என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு அந்த ஊர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மருத்துவமனை அல்ல. எங்கள் பெரியம்மா பாடும் மாரியம்மன் தாலாட்டு. இந்த வாரக் கதை அதைப் பற்றியதுதான். கதைக்குள் ஒரு கீபோர்டும் வருகிறது.

சில மாதங்களுக்கு முன், சனிக்கிழமை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வந்தபோது கைப்பேசியில் ஏழு தவறிய அழைப்புகள். ஏழும் ஊரிலிருந்து, ஒன்றுவிட்ட தம்பியிடமிருந்து. பயந்துபோய் அழைத்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா. கோயிலுக்கு கீபோர்டு வாங்கப் போறோம். எது வாங்குறதுன்னு இங்க பெரிய சண்டை. நீங்க ரேடியோவுல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும்ல?"

உண்மையைச் சொல்ல வேண்டும். நான் படித்தது ஊடகத்துறை. ஒலிக்கலவை மேசையைக் கையாளத் தெரியும், ஒலிவாங்கியை எங்கே வைத்தால் 'ப்' என்று வெடிக்காது என்று தெரியும். ராகம் கேட்டால் பாதி நேரம் ஊகம்தான். ஆனாலும் ஊர் கூப்பிட்டால் போக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மண்டபத்தில் நடந்த சண்டை

எங்கள் கோயில் ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயில். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், பிறகு நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து ஜனங்கள் பட்டணத்துப் பக்கம் வந்தபோது அம்மனும் கூடவே வந்துவிட்டாள். மூலவர் சிலையோடு வந்து சேர்ந்த சொத்துகளில் ஒன்று பஜனைக் குழுவின் ஆர்மோனியம். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த அந்தப் பெட்டியில் இப்போது துருத்தி கசிகிறது. இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழுவதில்லை.

குழுவின் கையில் இருந்தது 3,200 வெள்ளி. நெய் விளக்கு விற்ற காசும், திருவிழாவில் சேர்ந்த காசும். மண்டபத்தில் மூன்று கட்சி.

தம்பி முதல் கட்சி. வேலை தொழிற்சாலையில், வார இறுதியில் கல்யாண மேடைகளில் வாசிப்பான். "ஸ்டைல் இருக்கிற பெரிய அரேஞ்சர் வாங்கணும். ஒரு விரல் வச்சா ஒரு பேண்டே வாசிக்கும். மிச்சத்துக்கு நான் கைக்காசு போடுறேன்" என்றான்.

பொருளாளர் மாமா இரண்டாம் கட்சி. "தபலா, தம்பூரா எல்லாம் உள்ளேயே வர்ற இந்திய கீபோர்டு பாதி விலைக்குக் கிடைக்குது. கோயில் காசு தம்பி இது, கணக்குக் காட்டணும்."

ஆர்மோனிய மாமா மூன்றாம் கட்சி. எதுவும் வேண்டாம், ஆர்மோனியத்தைப் பழுது பார்த்தால் போதும்.

பெரியம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது 79. பால் வெட்டி வளர்த்த கைகள். ஆடி மாதம் முழுத் தாலாட்டையும் புத்தகம் பார்க்காமல் பாடக்கூடியவர் இன்று எங்கள் கோயிலில் அவர் ஒருவர்தான். அச்சில் வரும் தாலாட்டு ஒன்று, அவர் பாடுவது வேறொன்று. வரிகளுக்கு நடுவே தோட்டத்து வழக்கில் அவருடைய அம்மா சேர்த்த வரிகள் உண்டு. மெட்டும் லயத்து மெட்டு. அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஐந்து பிள்ளைகள் ஞாயிறுதோறும் வருகிறார்கள். கீபோர்டு வாசிக்கப் போவதும் அவர்களில் ஒருத்தி, படிவம் 2 படிக்கும் பெண்.

"நீங்க என்னா சொல்றீங்க பெரியம்மா?" என்றேன்.

"எதையோ வாங்குங்க. என் பாட்டை மட்டும் மாத்திப்புடாதீங்க" என்றார்.

"அது துரத்துது"

தம்பி நண்பனிடமிருந்து ஓர் அரேஞ்சர் கீபோர்டை இரவல் வாங்கி வந்திருந்தான். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றோம். இடது கையில் ஒரு கட்டையை அழுத்தினான். டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் ஒன்றாகக் கிளம்பின. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியம்மா பாட ஆரம்பித்தார்.

முதல் அடி சரி. இரண்டாவது அடியில் அவர் வழக்கம்போல் ஒரு சொல்லை நீட்டினார். இயந்திரம் காத்திருக்கவில்லை. மூன்றாவது அடியில் குரலுக்கும் கருவிக்கும் நடுவே ஏதோ உரசியது. என் காதுக்கே தெரிந்தது. பெரியம்மா பாடுவதை நிறுத்திவிட்டார்.

"என்னா பெரியம்மா?"

"அது என்னைத் துரத்துதும்மா. ஓட முடியல."

மண்டபம் அமைதியானது. இன்னும் ஒன்றையும் கவனித்தேன். மறுபடி பாடச் சொன்னபோது பிள்ளைகள் பெரியம்மாவைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்தார்கள். தாளத்துக்குப் பொருந்தும்படி அவர் நீட்டிய சொல்லைக் குறுக்கிப் பாடினார்கள். பத்தே நிமிடத்தில் பாட்டு மாறத் தொடங்கிவிட்டது.

அன்று இரவு நான் தங்கிவிட்டேன். நானும் தம்பியும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து எங்கே உரசுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். மூன்று காரணங்கள் கிடைத்தன.

முதல் காரணம், அந்த ஒரு விரல் வசதி. அதில் ஒரு கட்டையை மட்டும் அழுத்தினால் கருவி மேஜர் கோர்டு என்று எடுத்துக்கொள்ளும். அதாவது ஸட்ஜத்தோடு அந்தர காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் தானே சேர்த்துக்கொள்ளும். பெரியம்மாவின் மெட்டில் ஆனந்தபைரவி சாயல் இருக்கிறது என்று ஆர்மோனிய மாமா சொன்னார். அதில் வருவது சாதாரண காந்தாரம், அரைச் சுரம் கீழே. பெரியம்மா ஒரு காந்தாரம் பாட, இயந்திரம் வேறொரு காந்தாரம் வாசித்தது. உரசாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, சுருதி. கைப்பேசிச் செயலியில் அளந்து பார்த்தோம். இன்றைய கீபோர்டுகள் கடையிலிருந்து வரும்போது 'ஏ' என்னும் சுரம் 440 ஹெர்ட்சில் இருக்கும். எங்கள் ஆர்மோனியம் 447-இல் இருந்தது! அரைச் சுரத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகமான வித்தியாசம். முப்பது ஆண்டாக அந்தப் பெட்டியோடு பாடிய பெரியம்மாவின் தொண்டையும் அங்கேயே நின்றுவிட்டது. அவர் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே பாடுகிறார். ஐந்தரைக்கும் போகவில்லை. டிரான்ஸ்போஸ் பொத்தான் முழு அரைச் சுரமாகத்தான் தாவும் என்பதால், அதை எத்தனை முறை தட்டினாலும் அந்த இடம் கிடைக்காது.

மூன்றாவது, தாளம். தாலாட்டின் தொடக்கம் தாளக் கட்டு இல்லாமல் மூச்சுக்கேற்ப நீளும். ஸ்டைலுக்கு மூச்சு கிடையாது.

மூன்று வகைக் கருவிகள்

கடைக்குப் போகும் முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மேடையில் பார்க்கும் எல்லாவற்றையும் நாம் 'கீபோர்டு' என்றுதான் சொல்கிறோம். உள்ளே மூன்று வகை இருக்கிறது.

ஒன்று, அரேஞ்சர். இடது கையில் கோர்டு பிடித்தால் பக்கவாத்தியம் தானாக வரும். யமஹாவின் பி.எஸ்.ஆர்-எஸ்.எக்ஸ் வரிசை, கோர்க்கின் பி.ஏ. வரிசை இந்த வகை. தனி ஆளாக மேடை ஏறுபவருக்கு இது வரப்பிரசாதம்.

இரண்டு, வொர்க்ஸ்டேஷன். ஒலிகள், பல தடங்களில் பதிந்து அடுக்கும் வசதி, ஒலி மெருகு எல்லாம் ஒரே பெட்டியில். 1988-இல் வந்த கோர்க் எம்1 இந்த வகையைப் பரவலாக்கியது. உட்கார்ந்து பாட்டு அமைப்பவருக்கான கருவி. தானாகப் பக்கவாத்தியம் வாசிப்பது இதன் முதல் வேலை அல்ல. நீங்கள் அடுக்கினால்தான் பாட்டு.

மூன்று, இந்தியச் சந்தைக்கென்றே செய்தவை. யமஹாவின் பி.எஸ்.ஆர்-ஐ500, கேசியோவின் சி.டி-எக்ஸ்9000ஐ.என் போன்றவை. இந்திய வாத்திய ஒலிகள் உள்ளேயே இருக்கும், விலையும் குறைவு. பயிற்சிக்கு நல்ல துணை. ரோலண்டின் எக்ஸ்.பி.எஸ்-10 போன்ற சிறிய சிந்தசைசர்களும் நம்மவர் கைகளில் அதிகம். அதில் புதிய ஒலிகளைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளலாம்.

இவற்றுக்கு அப்பால், அரபு, துருக்கி இசைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த கருவிகளும் உண்டு. 2021-இல் வந்த யமஹா பி.எஸ்.ஆர்-ஏ5000, கோர்க் பி.ஏ. வரிசையின் 'ஓரியண்டல்' பதிப்புகள் அப்படிப்பட்டவை. அவர்களுடைய இசையில் நம் பன்னிரண்டு கட்டைக்கு நடுவே கால் சுரங்கள் வரும். அதனால் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் 'ஸ்கேல் ட்யூனிங்' வசதி அவற்றில் மிக எளிதாகக் கைக்கு எட்டும். நமக்கும் அந்த வசதி பயன்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஏன் பயன்படும்? கீபோர்டில் ஒரு ஸ்தாயி 1,200 சென்ட். அதைப் பன்னிரண்டாகச் சமமாகப் பிரித்து, கட்டைக்கு 100 என்று வைத்திருக்கிறார்கள். எல்லாக் கட்டையிலும் எல்லாப் பாட்டும் வாசிக்க வசதியான ஏற்பாடு. ஆனால் தம்பூராவோடு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரம் 386 சென்ட் அளவில் நிற்கும். கீபோர்டில் அது 400. சாதாரண காந்தாரம் 316 அளவில், கீபோர்டில் 300. பஞ்சமம் மட்டும் 702-க்கு 700 என்று ஏறக்குறைய சரி. பாடுபவர் இந்தக் கணக்கெல்லாம் போடுவதில்லை. "பெட்டி சேரலையே" என்று மட்டும் சொல்வார். அவர் சொல்வது சரி.

வானொலி போட்ட தடை

இந்தச் சண்டை எங்கள் மண்டபத்தில் புதிதாகத் தோன்றியது அல்ல. வானொலிக்காரி என்பதால் இதை நான் சொல்லியே ஆக வேண்டும். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. ஆம், இன்று நாம் பாரம்பரியம் என்று கும்பிடும் அதே பெட்டியைத்தான்.

காரணம் கிட்டத்தட்ட பெரியம்மா சொன்ன காரணமே. அசையாத பன்னிரண்டு சுரம் கொண்ட கருவி நம் குரலின் வளைவுகளைக் கெடுக்கிறது என்றார்கள். அந்த வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்த ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் 1938-இல் அதைக் கண்டித்து எழுதினார். ரவீந்திரநாத் தாகூரும் கல்கத்தா நிலையத்தில் ஆர்மோனியம் வேண்டாம் என்று கடிதம் எழுதினார். 1971-இல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது.

இத்தனைக்கும் ஆர்மோனியம் 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் பிறந்த கருவி. ஐரோப்பாவில் நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதித்து வாசித்தார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காரும் நமக்காகக் கல்கத்தாவில் அதைக் கையால் துருத்தி அழுத்தும் பெட்டியாக மாற்றினார்கள். வயலினை நம் பாட்டுக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத்தும், மின் மாண்டலினை யு. ஸ்ரீநிவாசும் கச்சேரி மேடையில் உட்கார வைத்தார்கள். கீபோர்டிலேயே கர்நாடகக் கச்சேரி செய்து பெயர் பெற்றவர் கே. சத்தியநாராயணன்.

ஆர்மோனிய மாமாவிடம் இந்தத் தடைக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப என் பெட்டியையே ஒரு காலத்துல வெளியில நிறுத்தி வச்சிருக்காங்க" என்றார். பிறகு, "சரி, கடைக்கு நானும் வர்றேன்" என்றார்.

ஆக, வெளியூர்க் கருவி என்பது குற்றமில்லை. அது நம் பாட்டுக்கு வளைந்து கொடுக்கிறதா, பாட்டை அது வளைக்கிறதா என்று பார்த்தால் போதும். விலைச்சீட்டில் இதற்குப் பதில் இருக்காது. பாடுபவரைக் கடைக்கு அழைத்துப் போனால்தான் தெரியும்.

கடையில் ஒரு தாலாட்டு

அடுத்த சனிக்கிழமை ஈப்போவில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம். தம்பி, இரண்டு மாமாக்கள், அந்தப் பெண், நான், பெரியம்மா. விற்பனையாளர் ஒரு சீன இளைஞர். இத்தனை பேரைப் பார்த்ததும் கொஞ்சம் மிரண்டாலும், "சிலாக்கான், ஆன்ட்டி" என்று பெரியம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் உள்ள கருவியை முதலில் காட்டினார். தம்பியின் கண்கள் விரிந்தன. நாங்கள் எழுதி வைத்திருந்த ஐந்து கேள்விகளை எடுத்தோம். கீபோர்டு வாங்கப் போகும் கோயில்காரர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே தருகிறேன்.

1. சுருதியை நுணுக்கமாக ஏற்றி இறக்க முடிகிறதா? கையேட்டில் 'மாஸ்டர் ட்யூனிங்' என்று தேடுங்கள். பல கருவிகளில் 440-ஐ ஏறத்தாழ 415 முதல் 466 வரை நகர்த்தலாம். எங்களுக்கு 447 வேண்டியிருந்தது. உங்கள் கோயிலின் ஆர்மோனியத்தையோ நாதஸ்வரத்தையோ அளந்துகொண்டு போங்கள். 'ஸ்கேல் ட்யூனிங்' தனி வசதி. அதுவும் இருந்தால் நல்லது.

2. சுரத்தை வளைக்கும் சக்கரமோ ஜாய்ஸ்டிக்கோ இருக்கிறதா? மிக மலிவான சில கருவிகளில் இருக்காது. அது இல்லாமல் கமகத்தைக் கிட்டே நெருங்கவே முடியாது. வலது கை கட்டையை அழுத்த, இடது கை சக்கரத்தை அசைக்கும். வளைவின் அளவை மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு அரைச் சுர அளவில் இருக்கும். ஓர் எச்சரிக்கை: சக்கரத்தைத் திருப்பினால் அந்த ஒலியில் அழுத்தியிருக்கும் எல்லாச் சுரமும் சேர்ந்தே வளையும். ஸ-ப சுருதியை அதே ஒலியில் பிடித்துக்கொண்டே வளைத்தால் சுருதியும் ஆடிவிடும். சுருதியைத் தனிப் பெட்டியிலோ கைப்பேசியிலோ ஓடவிடுங்கள்.

3. தானியங்கிப் பக்கவாத்தியத்தை அடக்க முடிகிறதா? டிரம்ஸ் மட்டும், அல்லது எதுவுமே இல்லாமல் ஓட வேண்டும். ஒரு விரல் முறையை அணைத்துவிட்டு ஸ-ப இரண்டை மட்டும் அழுத்திப் பாருங்கள். சில கருவிகள் காந்தாரம் சேர்க்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும். நம் பாட்டுகளில் பலவற்றுக்கு அதுவே போதும்.

4. நம் தாளத்தைச் சொந்தமாக அமைக்க முடிகிறதா? உள்ளே வரும் ஸ்டைல்களில் பெரும்பாலானவை நான்கு, மூன்று, ஆறு என்ற கணக்கில் இருக்கும். காவடிச் சிந்துக்குத் திஸ்ர நடை கிடைத்துவிடும். ஐந்து எண்ணிக்கையில் கண்ட சாபும், ஏழில் மிஸ்ர சாபும் வேண்டுமென்றால் நீங்களே அமைக்க இடம் வேண்டும்.

5. தரையில் உட்கார்ந்து வாசித்தால் எல்லாம் கைக்கு எட்டுகிறதா? ஆர்மோனியத்தில் துருத்தியை மெல்ல அழுத்தினால் ஒலி தணியும். கீபோர்டில் அந்த வேலையைச் செய்வது கால் பெடல். சம்மணம் போட்டு உட்கார்ந்த பிள்ளை பெடலை எப்படி மிதிக்கும்? ஒலியளவுத் திருகு இடது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணையே கடையில் தரையில் உட்கார வைத்துப் பார்த்தோம்!

ஐந்து கேள்விக்கும் பெரியம்மா பாடிக்காட்டினார். முதலில் கூச்சப்பட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். விற்பனையாளர் கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த மற்ற கருவிகளைத் தானாகவே அணைத்தார். கிட்டார் வாங்க வந்த இரண்டு மலாய்ப் பையன்கள் நின்று கேட்டார்கள்.

ஆயிரம் ஒலிக் கருவி நல்ல கருவிதான். ஆனால் எங்கள் காசுக்கு எட்டவில்லை. மலிவான கருவியில் எங்களுக்கு வேண்டிய தாளங்களை அமைக்க இடமில்லை. கடையின் மூலையில், யாரோ பெரியது வாங்கும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய நடுத்தர அரேஞ்சர் ஒன்று இருந்தது. அந்தப் பெண் மாஸ்டர் ட்யூனிங்கை 447-க்கு ஏற்றினாள். ஸ்டைலை அணைத்தாள். ஸ-ப மட்டும் பிடித்தாள். பெரியம்மா பாடினார், நிறுத்தவில்லை.

விலை 2,300 வெள்ளி. பழைய கருவி என்பதால் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பார்த்தோம். ஜாய்ஸ்டிக்கை விட்டதும் சுரம் சரியாக நடுவுக்கு வருகிறதா, பின்பக்கத் துளைகளில் கம்பியைச் செருகினால் கரகரக்கிறதா என்று பார்த்தோம். பொருளாளர் மாமா ரசீதை இரண்டு முறை படித்தார். மிச்சம் 900 வெள்ளி.

மிச்சப் பணம்

அந்த 900 வெள்ளிக்குத் தம்பி ஒரு பட்டியல் வைத்திருந்தான். ஸ்டாண்டு, பை, டிரம் பேடு. அப்போதுதான் இத்தனை நாள் மனத்தில் அழுத்திக்கொண்டிருந்ததைச் சொன்னேன். தினமும் அடுத்தவர் குரலைப் பதிவு செய்து வயிறு வளர்க்கிறேன். பெரியம்மாவின் தாலாட்டு முழுதாக எங்கேயும் பதிவாகவில்லை. கைப்பேசியில் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், அதுவும் பின்னால் மோட்டார் சத்தத்தோடு. அவருக்கு 79 வயது.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நல்ல ஒலிவாங்கி ஒன்றும் சிறிய பதிவுக் கருவி ஒன்றும் வாங்கினோம். மீதியில் ஆர்மோனியத்தின் துருத்தியைச் சரி செய்யக் கொடுத்தோம். மூன்றாவது கட்சிக்கும் வெற்றி!

ஒரு ஞாயிறு அதிகாலை, சாலையில் வண்டிகள் கிளம்பும் முன், மண்டபத்தின் மின்விசிறிகளை அணைத்துவிட்டுப் பதிவு செய்தோம். கீபோர்டு இல்லை, தாளம் இல்லை. சுருதி மட்டும், அதுவும் 447-இல். நாற்பது நிமிடத்துக்கு மேல் போனது. இரண்டு இடத்தில் பெரியம்மாவுக்கு வரி மறந்தது. ஓரிடத்தில் அத்தை எடுத்துக் கொடுத்தார். இன்னோர் இடத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மா தலையை ஆட்டி, "போச்சு. அம்மாவோட போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனார். அந்த மௌனத்தையும் நான் வெட்டவில்லை. பதிவில் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகள் இப்போது அந்தப் பதிவைக் கேட்டுத்தான் பாடிப் பழகுகிறார்கள். பாடம் ஆன பிறகுதான் கீபோர்டு என்பது ஆர்மோனிய மாமா போட்ட சட்டம். உறுமி மேளப் பையன்கள் வரும் நாளில் இயந்திர டிரம்ஸ் கூடாது என்பது இரண்டாவது சட்டம். உறுமித் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல் எந்தப் பொத்தானிலும் இல்லை. அதை வாசிக்கக் கை இருக்கும்போது பொத்தானை எதற்குத் தேட வேண்டும்?

இந்த ஆடித் திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். பஜனைப் பாட்டுகளுக்குத் தம்பி ஸ்டைல் போட்டு அமர்க்களப்படுத்தினான், கூட்டம் ரசித்தது. தாலாட்டு தொடங்கியதும் எழுந்து அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டான். அவள் ஸ-ப பிடித்தாள். பெரியம்மா ஒரு சொல்லை நீட்டியபோது கையை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பிள்ளைகளும் அந்தச் சொல்லை அவரோடு சேர்ந்து நீட்டினார்கள்.

உங்கள் ஊர்க் கோயிலிலும் கீபோர்டு வாங்கும் பேச்சு நடக்கிறதா? நல்லது, வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரை உட்கார வைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, முழுப் பாட்டையும் ஒரு முறை பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கைப்பேசி போதும்.